முதல் ஸ்பூன் வெர்னாவுடையது

வெர்னா ஹால்வர்சனுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. அது ஜோலீனுக்கு மட்டும்தான் தெரியும். வெர்னா சொல்லித் தெரியவில்லை. காப்பிக் கோப்பை சாசரில் கடகடவென்று ஆடுகிற சத்தத்தை ஜோலீன் தன் காதால் கேட்டாள். முப்பது வருஷமாகக் கல்லூரி விருந்துகளில் பரிமாறுகிறவள் அவள். தட்டுச் சத்தத்தை வைத்தே எந்த மேஜையில் மனஸ்தாபம் என்று சொல்லிவிடுவாள்.

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். பெரிய வியாதி இல்லையாம். எங்கப்பாவுக்கு இருந்த அதே கை நடுக்கம்தானாம்."

"மாத்திரை குடுத்தாரா?"

"குடுத்தாரு. அது தூக்கத்தை வரவெக்குது, நடுக்கத்தைப் போகவெக்கல."

கை நடுங்கினால் என்ன, எத்தனையோ பேருக்கு நடுங்குகிறது என்று நினைக்கலாம். ஆனால் வெர்னாவின் வேலைக்கு அது ஆகாது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் ஒரு சின்னக் கல்லூரியில், படிப்பை முடிக்கப்போகிற பிள்ளைகளுக்கு வேலை தேடிக்கொடுக்கும் அலுவலகத்தில் இருக்கிறாள். ஆள் எடுக்கிற கம்பெனிக்காரர்கள் கடைசிப் பேச்சை ஹோட்டல் மேஜையில்தான் வைத்துக்கொள்கிறார்கள். இந்தப் பிள்ளைகளோ வண்டி ஓட்டிக்கொண்டே மடியில் பொட்டலத்தைப் பிரித்துத் தின்று வளர்ந்தவர்கள். அதனால் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும் முறையைச் சொல்லிக்கொடுக்க, வருஷா வருஷம் பிப்ரவரி இரண்டாம் வியாழக்கிழமை வெர்னா ஒரு விருந்து வைப்பாள். பதினெட்டு வருஷமாக வைக்கிறாள். சாலட்டில் முழுசு முழுசாகக் குட்டித் தக்காளி போடச் சொல்வாள். குத்தினால் எதிராளி சட்டையில் பீய்ச்சியடிக்கும், அப்போதுதான் புத்தியில் நிற்கும்.

அவள் சொல்லிக்கொடுக்கிற முதல் விதி, விருந்து கொடுக்கிறவர் முதல் வாய் சாப்பிடாமல் வேறு யாரும் ஸ்பூனைத் தொடக்கூடாது. இரண்டாவது, பக்கத்தில் யாராவது சிந்தினால், கீழே போட்டால், நீங்கள் பார்க்கவில்லை. பேச்சை நிறுத்தாதீர்கள். மழையோ பனியோ எதையாவது பேசுங்கள்.

இந்த இரண்டாவது விதி அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. அவள் அப்பா தானியக் கிடங்கில் வேலை பார்த்தவர். வீட்டில் ஆளுக்கு ஒரு முள்கரண்டி, அவ்வளவுதான். இருபத்திரண்டு வயதில் டெமாய்ன் நகரத்தில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனபோது மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப்போனார்கள். வட்ட மேஜை, எட்டு பேர். ரொட்டித் தட்டு நமக்கு இடது பக்கம் இருப்பதுதான் நம்முடையது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? வலது பக்கத்துத் தட்டை இழுத்து, வெண்ணெய் தடவிச் சாப்பிட்டுவிட்டாள். அது மேனேஜருடைய ரொட்டி. அவர் எதையும் காட்டிக்கொள்ளாமல் தனக்கு வலப்பக்கம் இருந்ததை எடுத்துக்கொண்டார். அதற்கு உரியவர் தன் வலப்பக்கத்து ரொட்டியை எடுத்தார். இப்படியே மேஜையைச் சுற்றி வந்து, வெர்னாவின் இடப்பக்கத்துக்காரர் வெர்னாவின் ரொட்டியைச் சாப்பிட்டதோடு கணக்கு நேராகிவிட்டது. ஒருவருக்கும் குறையவில்லை. வேலையும் கிடைத்தது. ஒன்பது வருஷம் கழித்து, மேனேஜர் ஓய்வு பெற்ற அன்று அவரே சிரித்துக்கொண்டு சொன்ன பிறகுதான் வெர்னாவுக்கு விஷயமே தெரியும். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதாள். வெட்கத்தில் இல்லை, அந்த ஏழு பேரை நினைத்து.

இப்படி இருக்கும்போது ஆகஸ்டில் அலுவலகத்துக்குப் புதுத் தலைவனாக டேரன் வான் ஹோர்ன் வந்து சேர்ந்தான். முப்பத்தி நாலு வயது. நல்ல பையன், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் எல்லாவற்றையும் சுருக்கிவிட வேண்டும் அவனுக்கு.

"வெர்னா, சூப்பை விட்டுடலாமே. இப்பல்லாம் யாரு சூப் வாங்கித் தர்றாங்க? சொல்லப்போனா விருந்தே வேணுமான்னு யோசிக்கிறேன். ஒரு வீடியோ எடுத்துப் போட்டா பசங்க போன்லயே பாத்துக்குவாங்க."

"போன்ல பாத்தா சட்டையில சூப் சிந்துமா?"

"சிந்தாது."

"அப்புறம் எப்படிக் கத்துக்குவாங்க?"

அவன் சிரித்துவிட்டான். "சரி, இந்த வருஷம் நடத்துங்க. நானும் வந்து உங்க பக்கத்துலயே உக்கார்றேன். பாத்துட்டு முடிவு பண்றேன்."

சூப்பை ஜெயித்துக்கொண்டு வெளியே வந்தவள், தன் கையைப் பார்த்தாள்.

"கை ஆடுறவளுக்கு சூப்தான் கேக்குதா?" என்றாள் ஜோலீன். "அவனே வேணாங்கறான். நீ வலியப் போய் வாங்கிட்டு வந்திருக்க. அவன் கண்ணுல மட்டும் பட்டுச்சு, பாவம் உடம்பு முடியலன்னு சொல்லியே விருந்தை எடுத்துடுவான்டி."

"சூப் இல்லாத விருந்து விருந்தே இல்ல."

"உன்கிட்ட பேசறதுக்கு அந்தச் சுவத்துகிட்ட பேசலாம்."

அன்றிலிருந்து வெர்னா தினமும் காலையில் சமையலறையில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்துக்கொண்டு பழகினாள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டால் சில நாள் நன்றாக வரும். சில நாள் தரை ஈரமாகும்.

வியாழக்கிழமை வந்தது. வெளியே பனி. உள்ளே எட்டு மேஜை, அறுபத்து நாலு பிள்ளைகள், அவர்களோடு சாப்பிட வந்த சில வாத்தியார்கள். பிள்ளைகள் கழுத்தில் இரவல் டைகள். ஒருவன் கோட்டில் விலைச்சீட்டு தொங்கியது. வெர்னா கத்தரிக்கோலோடு போய் வெட்டிவிட்டாள். அவளுக்கு இடப்பக்கம் டேரன். வலப்பக்கம் கெல்சி ப்ரூக்னர், பால் பண்ணைக்காரர் மகள். திங்கட்கிழமை விதைக் கம்பெனியில் அவளுக்கு நேர்காணல்.

ரொட்டி வந்தது. டேரன் பேச்சுச் சுவாரஸ்யத்தில் வலது பக்கத்துத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டான். அது வெர்னாவுடையது. வெர்னா தன் பங்குக்குக் கெல்சியின் ரொட்டியை எடுத்துக்கொண்டாள். கெல்சி ஒரு நொடி பார்த்தாள். பிறகு தனக்கு வலப்பக்கத்து ரொட்டியை எடுத்தாள். தேறிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டாள் வெர்னா.

பிறகு தக்காளி சூப். எல்லாருக்கும் வைத்தாகிவிட்டது. கூடமே அமைதியாகி வெர்னாவைப் பார்த்தது. முழங்கையை ஒட்டிக்கொண்டாள், ஸ்பூனை எடுத்தாள். அது கிண்ணத்தின் விளிம்பில் மணியடித்தது போல டிங் டிங் என்று தட்டியது. பாதி தூரம் தூக்கினாள். வெள்ளை விரிப்பில் சிவப்பாகக் கொட்டியது. சட்டைக் கையிலும்.

அறுபத்து நாலு பேரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தார்கள்.

"நாளைக்கு ஆறு அங்குலம் பனியாமே!"

"எட்டுன்னு கேள்விப்பட்டேன்!"

"போன வருஷம் இதைவிட ஜாஸ்தி, இல்ல?"

ஒருவர் கண்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. டேரன்கூட ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு அருமையாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்! வெர்னாவுக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் ஒருவரும் ஸ்பூனைத் தொடவும் இல்லை. பனி பனி என்று பேசுகிறார்கள், சூப்பில் ஆடை படிகிறது.

கெல்சி மெல்லச் சொன்னாள், "மிஸஸ் ஹால்வர்சன், நீங்க இன்னும் வாயில வைக்கலையே."

நீங்கள் ஆரம்பியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். விதியில் அதற்கு இடம் உண்டு. ஆனால் மேனேஜர் காட்டிய தயவு ஒரு ரொட்டிக்கு. அன்றோடு முடிந்தது. இந்தக் கை நாளைக்கும் ஆடும், அடுத்த வருஷமும் ஆடும். எத்தனை நாள் இத்தனை பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

எழுந்து நின்றாள்.

"போதும், பனியை விடுங்க. எல்லாரும் இங்க பாருங்க. பாக்கக்கூடாதுன்னு நான்தான் சொன்னேன், இப்போ நானே பாக்கச் சொல்றேன். எனக்குக் கை நடுங்குது. எங்கப்பாவுக்கும் நடுங்கும். கைதவறிச் சிந்தினவங்களைப் பாக்காதீங்க, அது சரி. ஆனா உங்களுக்கே தினமும் நடக்கற விஷயம்னா, மேஜையில உக்காந்ததும் ஒரே வரியில சொல்லிடுங்க. சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிடுங்க. நான் இன்னிக்கு அதைச் செய்யல. அது என் தப்பு." பிறகு கூடத்தின் கோடியைப் பார்த்தாள். "ஜோலீன், ரெண்டு பக்கமும் பிடி வெச்ச கோப்பை இருக்கா?"

ஜோலீன் தள்ளுவண்டியின் அடித்தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். சுடச்சுட ஊற்றியே வைத்திருந்தாள்.

"சாயங்காலத்துலேருந்து மூணு தடவை சுட வெச்சிட்டேன். இவ எங்க கேக்கப்போறான்னு நெனச்சேன்."

"பரிமாறுறவங்க விருந்தாளிகிட்ட வம்பு பேசக்கூடாது."

"நீ குடி முதல்ல. பசங்க பசியில இருக்காங்க."

இரண்டு பிடி உள்ள கோப்பையில் சூப் வந்தால் தூக்கிக் குடிக்கலாம், அதுவும் விதிதான். வெர்னா இரண்டு கையாலும் பிடித்து, முழுசாக ஒரு வாய் குடித்தாள். அடுத்த நொடி அறுபத்து நாலு ஸ்பூன்கள் சூப்பில் இறங்கின.

கேக் முடிந்து பிள்ளைகள் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது டேரன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "வெர்னா, அடுத்த வருஷம் இதை வேற யாரையாவது..."

"நான்தான் நடத்துவேன். எனக்குக் கோப்பை, அவங்களுக்குக் கிண்ணம்."

அவன் அந்தச் சிவப்புக் கறையைப் பார்த்தான். பிறகு போனை எடுத்தான். "பிப்ரவரி ரெண்டாவது வியாழன், இல்லையா? கூடத்தை இப்பவே சொல்லி வெச்சிடறேன். வீடியோ வேணாம்."

"இன்னொண்ணு, டேரன். ரொட்டித் தட்டு இடது பக்கம் இருக்கறதுதான் உங்களுது."

போன் நின்றது. "அப்போ நான் சாப்பிட்டது?"

"என்னோடது."

"நீங்க?"

"கெல்சியோடது."

கெல்சி கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டே திரும்பினாள். "நான் எங்க வேதியியல் வாத்தியாரோடத சாப்பிட்டேன். அவரு எதைச் சாப்பிட்டாருன்னு நான் பாக்கல."