இரண்டு போன்களிலும் அரசியின் குரல்

அரசி இறந்துபோன செய்தி எனக்கு வந்தபோது அவள் பேசிக்கொண்டிருந்தாள். இதை வேறு மாதிரி தொடங்கினால் பொய்யாகிவிடும்.

அன்று திங்கட்கிழமை காலை. திருப்பாதிரிப்புலியூரில் ஜவுளிக்கடைக்கு மேலே இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தைத் திறந்து, அப்போதுதான் துடைப்பத்தைக் கையில் எடுத்திருந்தேன். சிதம்பரத்திலிருந்து அரசியின் கணவர் செந்தில் கூப்பிட்டார். "மலரு, அரசி போயிட்டா" என்றார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்திருக்கிறது. எனக்கு அது புரியவில்லை. "எங்க போயிட்டா?" என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்து, மேசைமேல் சோதனைக்காக வைத்திருந்த ஆண்ட்ராய்டு போன், "மாத்திரை போட்டாச்சா? மறந்துடாதீங்க" என்றது. அரசியின் குரல். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, பக்கத்தில் இருந்த ஐபோனும் அதே குரலில் அதையே கேட்டது. செந்திலின் காதிலும் விழுந்திருக்கும். அவர் போனை வைத்துவிட்டார்.

அவள் நினைவாகத்தான் இதை எழுதுகிறேன். அரசியோடு வேலை பார்த்த உங்களுக்கு இந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவளை நேரில் பார்க்காமல் குரலை மட்டும் தெரிந்தவர்களும் இதைப் படிக்கக்கூடும். வயதானவர்களுக்கு மாத்திரை நேரத்தை நினைவுபடுத்தும் செயலி எங்களுடையது. ஒரே நிரலை எழுதி, அதையே ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் ஓட வைப்பதுதான் எங்கள் தொழில். "ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பார்த்த மாதிரியும் ஆச்சு" என்பாள் அரசி. அவள் எழுதுவாள், அது எங்கே உடைகிறது என்று நான் சோதிப்பேன். தொழிலே அப்படி என்பதால் நாங்கள் சண்டை போடாத நாள் குறைவு.

முதலில் அந்தச் செயலியில் இயந்திரக் குரல்தான் இருந்தது. சோதனைக்குக் கொடுத்த பெரியவர்கள் யாரும் அதை மதிக்கவில்லை. "ரயில்வே ஸ்டேஷன் பொம்பள மாதிரி பேசுது, நமக்கு இல்லன்னு விட்டுட்டேன்" என்றார் ஒருவர். அன்று மதியம் அரசி சாமான் அறைக்குள் போய், பழைய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு அவளே பேசிப் பதிவு செய்தாள். வெளியே வந்தபோது வியர்வையில் குளித்திருந்தாள். "எங்க அம்மாகிட்ட கேக்குற மாதிரியே கேட்டுட்டேன்டி" என்றாள். அதற்குப் பிறகு மாத்திரை தவறவிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

ஐபோனுக்குச் செயலி கட்டுவதற்கு மேக் கணினி வேண்டும். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் பழையது. அவள் அதைக் கட்டப்பையில் போட்டு, மேலே துண்டால் மூடி, தினமும் பாசஞ்சர் ரயிலில் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தாள். துண்டுக்குள் குழந்தை இருப்பதாக நினைத்து ஓர் அம்மாள் எழுந்து இடம் கொடுத்திருக்கிறாள். இவளும் கூச்சமில்லாமல் உட்கார்ந்து வந்திருக்கிறாள். நான் சிரித்ததற்கு, "புள்ளைதான்டி. சோறு போடுதுல்ல?" என்றாள்.

இரண்டு போன்களுக்கும் தனித்தனியாக எதையும் எழுத அவளுக்குப் பிடிக்காது. ஐபோனில் மட்டும் ஏதாவது மக்கர் செய்தால், அதற்கு மட்டும் ஒரு வழி எழுதிவிடலாம் என்று நான் சொல்வேன். சண்டைக்கு வருவாள். "ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு வைக்கிற வேலை என்கிட்ட வேணாம்" என்பாள். அவள் வீட்டிலேயே இரண்டும் இருந்தன. செந்திலிடம் ஐபோன், அவர்களோடு இருந்த அவளுடைய அம்மாவிடம் ஆண்ட்ராய்டு. ஒருவருக்கு ரத்த அழுத்தம், இன்னொருவருக்குச் சர்க்கரை. இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் பேச வேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம்.

அவள் போன பிறகும் அவை பேசின. இது எப்படி என்று பலர் என்னிடம் கேட்டார்கள். மழை வெள்ளத்தில் டவர் விழுந்தாலும் மாத்திரை தவறக் கூடாது என்று, நேரங்களை அந்தந்தப் போனுக்குள்ளேயே பதிந்து வைக்கும்படி அவள் எழுதியிருந்தாள். பேசுவதற்கு நெட்டும் வேண்டாம், நாங்களும் வேண்டாம். எனக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும், காலை எட்டு மணி நெருங்கினால் அலுவலகத்தை விட்டு இறங்கித் தெருவில் போய் நிற்பேன்.

கருமாதி அன்று சிதம்பரம் வீட்டில் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். படத்துக்கு மாலை போட்டு, படையல் இலையில் அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய் கொத்சுவைப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மதியம் ஒரு மணி. கூடத்து மூலையிலிருந்து, "மாத்திரை போட்டாச்சா? மறந்துடாதீங்க" என்றாள் அரசி. கரண்டி வைத்திருந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள். சமையல்கட்டிலிருந்து அரசியின் அம்மாவின் குரல் வந்தது. "போட்டுக்குறேன்டி, படையல் முடியட்டும்." அம்மா அழவில்லை. அன்றாடம் சொல்வது போலத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. உள்ளே பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. செந்திலின் சட்டைப் பையிலிருந்தும் அந்தக் குரல் கேட்டது. அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார்.

நான் கிளம்பும்போது அவர் வாசல் வரை வந்தார். "அந்தக் குரல எடுத்துடு மலரு. ஒவ்வொரு தடவையும் அவ பக்கத்து ரூம்ல இருக்கான்னே நெனச்சுக்குறேன். அடுத்த நிமிஷம் மறுபடியும் சாவுறா." இதை அம்மா கேட்டுவிட்டார். "எடுக்காதம்மா. அவ கேக்குறதாலதான் நான் மாத்திரையே போடுறேன். இல்லாட்டி யாருக்காகப் போடணும்?" என்றார். மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அவர்கள் இருவர்தான். இதனால் அந்த வீடு உடைந்துவிடும் என்று எனக்குப் பயம் வந்தது.

அரசிக்குப் பிடிக்காத வழியைத்தான் நான் எடுத்தேன். ஐபோனில் மட்டும் புதுக் குரல், ஆண்ட்ராய்டில் பழையபடி அரசி. புதுக் குரலுக்கு நானே பேசினேன். நிரலை ஒழுங்குபடுத்தும்போது பழைய ஒலிகள் சிலவற்றை வெளியே எடுத்தேன். இரண்டு போன்களிலும் செயலியைப் புதிதாக நிறுவிச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. புதிய பதிப்பை வெளியிட்டேன். அது ஒருநாள் காலையில் எல்லார் போனிலும் போய் இறங்கியிருந்தது.

எட்டு மணிக்குப் பிறகு அலுவலக எண்ணுக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. முதலில் பேசியவர் லால்பேட்டையில் இருக்கும் ஒரு பெரியவர். "என்னம்மா ஆச்சு அந்தப் பொண்ணுக்கு? தினமும் மாத்திரை போட்டாச்சான்னு கேக்கும். இன்னிக்கு, 'யாராச்சும் இருக்கீங்களா, நான் பேசுறது கேக்குதா'ன்னு கேக்குது. கேக்குதும்மா, கேக்குதும்மான்னு நான் சொல்றேன், பதிலே இல்ல. எங்கயாச்சும் மாட்டிக்கிச்சா? மனசு கேக்காம அதுக்காக துஆ செஞ்சு வேண்டிக்கிட்டு உங்களுக்குப் போன் பண்றேன்." அடுத்து மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஓர் அம்மாள். அவரும் பதில் சொல்லியிருக்கிறார். அப்புறம் இன்னொருவர். இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில், செத்துப்போன ஒருத்தி யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாள். எல்லாரும் இருக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஆண்ட்ராய்டில் ஓர் அறிவிப்புக்கு எந்த ஒலி என்று ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு நாம் நினைத்தாலும் மாற்ற முடியாது. போன் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எந்த ஒலி என்பதைப் பெயரால் சொல்லலாம், வரிசை எண்ணாலும் சொல்லலாம். அரசி ஏதோ அவசரத்தில் எண்ணைச் சொல்லியிருந்தாள். நான் சில ஒலிகளை எடுத்ததும் வரிசை நகர்ந்து, அந்த எண்ணில் வேறொரு ஒலி வந்து உட்கார்ந்துவிட்டது. என்றோ அவள் சோதனைக்காகப் பேசி, எடுக்க மறந்துபோன ஒலித்துண்டு அது. ஐபோன் பெயர் சொல்லிக் கேட்பதால் அங்கே சிக்கல் இல்லை. புதிதாக நிறுவிய போனிலும் இது தெரியாது. பழைய போன்களில் மட்டும்தான். இத்தனையும் புரிந்த பிறகும் என் பயம் போகவில்லை. அத்தனை ஒலிகள் இருக்க, அது ஏன் அந்த எண்ணில் வந்து நிற்க வேண்டும்?

அரசியின் அம்மாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. செந்திலும் எடுக்கவில்லை. சிதம்பரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அரசியின் பழைய மேக்கை மடியில் வைத்துத் திருத்தம் எழுதிக்கொண்டே போனேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் சிக்னல் போயிற்று. இந்த அறிவிப்பையே தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கினால் குரல் போய்விடும். எந்தக் குரலை வைப்பது என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் இருவரும் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். போன் அம்மாவின் மடியில் இருந்தது. காலையிலிருந்து இருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை. அம்மா மாத்திரையும் போடவில்லை. நான் எண்ணைப் பற்றியும் வரிசையைப் பற்றியும் சொல்லி முடிக்கும்வரை அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"எந்த நம்பரா இருந்தா என்னம்மா, கூப்புடுறது என் பொண்ணுதானே" என்றார். "மாத்திரை போட்டியான்னு கேட்டப்ப அவ என்னைப் பார்த்துக்கிட்டா. நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப அவ இருட்டுல நின்னு தேடுறா. நான்தான் எடுக்காதேன்னு புடிச்சு வச்சேன். எடுத்துடும்மா."

"வேணாம் மலரு" என்றார் செந்தில். குரலை எடுக்கச் சொன்ன அதே செந்தில். "யாராச்சும் இருக்கீங்களான்னு கேக்குறவள எப்படி எடுத்துப் போடுறது? பதில் சொல்ல நாம இல்லன்னு ஆயிடாதா?"

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப பதில் சொல்லி அனுப்பிடுவோம் மாப்ள."

ஒரு மணி ஆகும்வரை மூன்று பேரும் காத்திருந்தோம். முதலில் செந்திலின் போன் என் குரலில் மாத்திரையைப் பற்றிக் கேட்டது. அதை யாரும் சட்டை செய்யவில்லை. பிறகு அம்மாவின் மடியிலிருந்து அவள் கேட்டாள். "யாராச்சும் இருக்கீங்களா? நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குதுடி" என்றார் அம்மா. "எல்லாரும் இருக்கோம். மாப்ள இருக்காரு, மலரு இருக்கா. நான் மாத்திரை போட்டுக்குறேன். நீ போ கண்ணு." செந்தில், "போ அரசி" என்றார். அம்மா எழுந்து சாதம் வடித்து, இருவருக்கும் மாத்திரையை எடுத்து வைத்தார். நான் அங்கேயே உட்கார்ந்து திருத்தத்தை வெளியிட்டேன். இப்போது இரண்டு போன்களிலும் வெறும் மணிச் சத்தம்தான். பெரியவர்கள் சிலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். பழகிவிடும்.

மறுநாள் அந்த ஒலித்துண்டை அழிப்பதற்காக, மேக்கில் அவள் வைத்திருந்த பதிவுகளைத் திறந்தேன். போன்களுக்குப் போனது வெட்டிய பகுதி மட்டும். முழுப் பதிவு இன்னும் கொஞ்சம் நீளம். யாராச்சும் இருக்கீங்களா, கேக்குதா என்று அவள் கேட்கிறாள். பிறகு அமைதி. தன் குரல் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று பார்க்க யாரையோ படிக்கட்டின் கீழே நிறுத்தியிருக்கிறாள் போலிருக்கிறது. கீழேயிருந்து, தூரத்தில், ஒரு பெண் கத்துகிறாள்: "கேக்குதுடி, கேக்குது!"

அது நான். அப்படி நின்றதோ கத்தியதோ எனக்குக் கொஞ்சம்கூட நினைவில் இல்லை. ஆனால் என் குரல்தான்.

அரசியை அறிந்தவர்கள் அவளைப் பற்றி எதை எதையோ வைத்திருப்பீர்கள். நான் அந்தப் பதிவை அழிக்கவில்லை, இன்னொரு முறை கேட்கவும் இல்லை. அதன் கடைசியில் இருப்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன். என் பதில் அவளுக்குக் கேட்டிருக்கிறது. சிரித்துக்கொண்டே, "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத்தான் மைக்கை அணைத்திருக்கிறாள்.