லோரெத்தாவின் இடது கால்

பொலோன்யாவிலிருந்து ஃபிளாரன்ஸ் போகும் பழைய மலைப்பாதையின் உச்சியில்தான் என் காப்பிக்கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மணிக்கு முன்பே எஞ்சின் சத்தம் மேலேறி வந்துவிடும். வருவது யார் என்று எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். லோரெத்தா வந்தால் கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சைக் கொஞ்சம் நிறுத்துவார்கள். அவ்வளவு சுத்தமாக கியர் மாற்றுவாள்.

லோரெத்தாவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வாரநாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள். முப்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்குவாள். பிள்ளைகள் பாதி வழியில் தூங்கிவிடும். ஞாயிறு வந்தால் தன் பழைய ஆல்ஃபா காரை எடுப்பாள். வெளிறிய நீல நிறம், இரண்டு கதவு, ஓர் ஆள் தள்ளினால் உருண்டுவிடும் எடை. ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவும் மோட்டார் கிடையாது. பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் கருவியும் கிடையாது. ரேடியோகூட இல்லை. இறங்கும்போது உடுப்பில் பெட்ரோல் வாடை வீசும்.

அவளுடைய தம்பி எர்மெஸுக்குக் கீழே ஊரில் ஓட்டு வியாபாரம். தரைக்குப் பதிக்கும் ஓடு. வியாபாரம் நல்லபடியாக நடந்ததால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வண்டியை மாற்றுவான். கடைசியாக வாங்கியது அறுநூறு குதிரைச் சக்தி. கிளட்ச் மிதி இல்லை, காலுக்கு இரண்டே மிதிகள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் இலை போன்ற இரண்டு தகடுகளை விரலால் தட்டினால் கியர் மாறிவிடும்.

அக்காவும் தம்பியும் என் கடையில் போடும் சண்டையைக் கேட்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள்.

"என்னக்கா இப்படி வேர்த்துக் கொட்டுது? கார் ஓட்டிட்டு வர்றியா, இல்ல உழுதுட்டு வர்றியா?"

"உனக்கு வேர்க்காதுடா. நீ எங்க ஓட்டுற? சோபாவுல உக்காந்து வர்ற."

"அந்த சோபா உன் டப்பாவ மூணாவது வளைவுலயே தாண்டிரும்."

"தாண்டட்டும். தாண்டுனது யாரு, வண்டியா நீயான்னு வீட்டுக்குப் போயி யோசி."

ஒரு செப்டம்பர் மாதம் இந்தப் பேச்சு முற்றி, இருவரும் சாவியை மாற்றிக்கொண்டார்கள். ஆற்றுப் பாலம் வரை இறங்கித் திரும்பி வர வேண்டும். லோரெத்தா முதலில் வந்துவிட்டாள். வந்தவள் வண்டியை விட்டு இறங்கவில்லை. நான் போய்க் கதவைத் திறந்தேன்.

"பாலத்துக்குப் போற நேர்ரோட்டுல முள்ளப் பாத்தேன்ப்பா. நூத்தி அறுபது. நான் எண்பதுல போறதா நெனச்சுட்டிருந்தேன். எனக்குத் தெரியவே இல்ல." அவள் பயந்தவளாகத் தெரியவில்லை. ஏமாற்றப்பட்டவள் போல இருந்தாள்.

எர்மெஸ் வரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தோம். ஆல்ஃபா, பசுக்களுக்காகப் போட்டிருந்த குதிரைமசால் வயலுக்குள் பின்பக்கமாகப் புகுந்து நின்றிருந்தது. இவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. வரப்பில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"வளைவுல கொஞ்சம் வேகம் அதிகமாப் பட்டுச்சு. ஆக்ஸிலேட்டர்லேருந்து சட்டுனு காலை எடுத்தேன், அவ்வளவுதான். சொல்பேச்சு கேக்காம சுத்திருச்சுக்கா."

"கேக்காம இல்லடா. வளைவுல அப்படிக் காலை எடுத்தா பின்பக்கம் சுத்தத்தான் செய்யும். நீ சொன்னத அப்படியே கேட்டிருக்கு."

எர்மெஸ் சிரிப்பை நிறுத்தினான். "அப்போ என் வண்டியில இதே தப்ப எத்தன தடவ பண்ணிருப்பேன்? அதுவே சரிபண்ணிட்டு எங்கிட்ட சொல்லாமயே விட்டிருக்கு" என்றான். அன்றைக்கு லோரெத்தாதான் ஜெயித்தாள் என்று கடையில் எல்லோரும் சொன்னோம். அவள் மட்டும் சொல்லவில்லை.

அடுத்த பிப்ரவரியில், அடுப்பில் சூப்பை வைத்துவிட்டுத் திரும்பிய லோரெத்தா அப்படியே சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்த அடைப்பு. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, கையும் தேறியது. இடது கால்தான் திரும்பி வரவில்லை. தடியூன்றி நடக்கலாம். பஸ் வேலை போயிற்று.

வெயில் வந்ததும் என்னைக் கூப்பிட்டு ஆல்ஃபாவில் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். வீட்டு முற்றத்தில்தான். இடது காலால் கிளட்சை மிதித்து கியர் போட்டாள். வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடியும் முயன்றாள். மறுபடியும் அதே துள்ளல். இரண்டு கையாலும் முழங்காலைத் தூக்கி மிதிமேல் வைத்துப் பார்த்தாள்.

"கால் இருக்குப்பா. ஆனா அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல." சாவியை உருவி எடுத்தாள். நானும் அவளும் சேர்ந்து வண்டிமேல் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தினோம்.

ஒரு வருஷம் அவள் எதையும் ஓட்டவில்லை. எர்மெஸ் கூட்டிக்கொண்டு வந்தால் வருவாள். ஜன்னலோரம் உட்கார்ந்து மற்றவர்களின் கியர் சத்தத்தைக் கேட்பாள். இரண்டு மிதி வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எர்மெஸ் தன் சாவியை அவள் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"எனக்குப் பிச்சை போடுறியா?"

"ஆமா. வேண்டாம்னா திருப்பிக் குடு."

சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்து அவன் மூஞ்சியில் எறிந்தாள். சாவியைக் கொடுக்கவில்லை.

நான்தான் அவளோடு போனேன். ஸ்டீயரிங்கில் ஒரு திருகு குமிழ் இருந்தது. அதைத் திருப்பித் திருப்பி, தப்பை வண்டியே சரிசெய்துகொள்ளும் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினாள். திரும்பி வரும்போது எல்லாவற்றையும் மறுபடி இயக்கிவிட்டாள்.

"எல்லாத்தையும் அணைச்சாலும் ரோடு எப்படி இருக்குன்னு பேச மாட்டேங்குதுப்பா. ரொம்ப வேகமாப் போனாத்தான் பேசும் போல. அது பேசி முடிக்கிறதுக்குள்ள நான் பள்ளத்துல கெடப்பேன். என் பழைய வண்டி நாப்பதுலயே வாயத் தொறந்துரும்."

ஆனாலும் தினமும் எடுத்தாள். எர்மெஸ் பேருக்குத்தான் சொந்தக்காரன் என்று ஆயிற்று.

நவம்பரில் ஒரு நாள் கடைக்கு வந்தவள் காப்பி வேண்டாம், பிராந்தி கொடு என்றாள். வழியில் பனிமூட்டம், ரோடெல்லாம் நனைந்த இலை. வளைவைத் திரும்பியதும் குட்டிகளோடு ஒரு காட்டுப்பன்றி குறுக்கே நின்றதாம்.

"பிரேக்க மிதிச்சேன், ஸ்டீயரிங்க ஒடிச்சேன். ரெண்டையும் சேத்துப் பண்ணக் கூடாது. எனக்குத் தெரியும். ஆனாலும் பண்ணிட்டேன். அது ஒவ்வொரு சக்கரமாப் புடிச்சு விட்டு, புடிச்சு விட்டு, என்னைக் கொண்டுபோயி ஓரமா நிறுத்துச்சு. ஆல்ஃபாவா இருந்தா இந்நேரம் கயிறு கட்டி மேல தூக்கிட்டிருப்பீங்க. அந்த நேரத்துல ஓட்டுனது நான் இல்ல. நான் வெறும் சுமை."

"உசுரோட வந்து சேந்தியே, அதப் பாரு" என்றாள் என் மனைவி தீனா.

"அதுவும் சரிதான் தீனா. ரெண்டும் சரி. அதான் எரிச்சலா இருக்கு."

அந்த வசந்தத்தில் ஆல்ஃபாவை விற்றாள். எர்மெஸ் கேட்டபோது, "உனக்குக் குடுத்தா தம்பியும் போயிருவான், வண்டியும் போயிரும்" என்று மறுத்துவிட்டாள். ஃபாயென்ஸாவிலிருந்து ஒரு பல் மருத்துவர் அம்மாள் வந்தார். லோரெத்தா விலை பேசவில்லை. அவரை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பாலம் வரை போய் வந்தாள். "அந்தம்மாவுக்கு வளைவுல பயம் வந்துச்சு. ஆனா பயத்தோட கடைசி வரைக்கும் ஓட்டுனாங்க. குடுத்துரலாம்" என்றாள். வண்டி இறங்கிப் போகும் சத்தத்தை நாங்கள் கேட்டோம். இரண்டாவது வளைவில் கியர் கொஞ்சம் கரகரத்தது. லோரெத்தா முகத்தைச் சுளித்தாள். மூன்றாவதில் சரியாக விழுந்தது.

போன வாரம் பிராத்தோவிலிருந்து வந்த ஒரு தம்பதி, கடைவாசலில் நின்ற எர்மெஸின் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஓட்ட எப்படி இருக்கும் என்று கணவர் லோரெத்தாவிடம் ஆசையாகக் கேட்டார்.

"நல்ல வண்டிங்க. என்னைப் பத்திரமாப் பாத்துக்குது."

அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவர் காத்துக்கொண்டிருந்தார். லோரெத்தா தன் தட்டிலிருந்த கடைசி ரொட்டித் துண்டில் பன்றிக் கொழுப்பைத் தடவித் தின்று முடித்தாள். பிறகு தடியை எடுத்துக்கொண்டு எர்மெஸைத் தேடினாள். அவன் ஏற்கெனவே பக்கத்து இருக்கையில் ஏறி, கதவில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.