இரவல் குரலில் ஒரு பாடம்

எங்கள் கேமராவுக்குக் காது கிடையாது. சாவி முடுக்கினால் கறகறவென்று ஓடும், எதிரே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பேச்சைப் பிற்பாடு மெட்ராஸில், கதவடைத்த ஓர் அறையில் வைத்துச் சேர்ப்பார்கள். பேசுவதற்கென்றே ஆள் வரும். ஐம்பதுகளில், பள்ளிக்கூடங்களுக்குப் பாடப் படம் எடுக்கும் பிரிவில் நான் கேமராக்காரனாக இருந்தபோது இதுதான் வழக்கம். இன்று பேத்தியின் கைப்பேசியில் பாட வீடியோ ஓடுகிறது. தொட்டால் தமிழ், இன்னொரு தரம் தொட்டால் தெலுங்கு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. தொண்ணூறைத் தொட்டவனுக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்கிறார் டாக்டர். ஆகாதுதான், வருகிறதே!

ஓசூருக்கும் சூளகிரிக்கும் நடுவே, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு கிராமம். இப்போது அந்தப் பக்கம் முழுக்கக் கம்பெனி ஷெட்டும் லாரியும்தான். அன்று அது சேலம் ஜில்லா. கண்ணுக்கெட்டிய வரை ராகிக் காடு. தெருவுக்குத் தெரு பாஷை மாறும். நிலம் வைத்திருந்தவர்கள் வீட்டில் கன்னடம், அவர்கள் காட்டில் கூலிக்குப் போனவர்கள் வீட்டில் தெலுங்கு, பஸ் ரோட்டோரம் குடியிருந்தவர்கள் பேசியது தமிழ். எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பள்ளிக்கூடம் ஒன்று, டீச்சர் ஒருவர். தர்மபுரிப் பக்கத்துக்காரர், முப்பது வயது இருக்கும். படபடவென்று பேசுவார். யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற குணம்.

அவர் பாடம் நடத்துகிற விதமே தனி. எதையும் தமிழில் ஒரு தரம் சொல்வார், மூச்சு விடாமல் தெலுங்கில் ஒரு தரம், கன்னடத்தில் ஒரு தரம். பிள்ளைகள் அவரவர் பாஷையில் பதில் சொல்லலாம். மெல்ல மெல்ல எல்லாரையும் தமிழ் எழுத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். இது பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்குப் பிடிக்கவில்லை. எந்த ஊர் எந்த மாநிலத்துக்குப் போகும் என்று பஸ்ஸில்கூடச் சண்டை நடந்த காலம். மேலேயிருந்து உத்தரவு வந்ததோ இல்லையோ, அந்த மனிதர் தாமாகவே கிளம்பிவிட்டார். "வகுப்பில் இனித் தமிழைத் தவிர வேறு பேச்சு கேட்கக் கூடாது. கேட்டால் வேறு ஊருக்குத் தூக்கிவிடுவேன்" என்று எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்.

அதனால்தான் நாங்கள் வேனில் போய் இறங்கியபோது டீச்சர் அப்படிச் சந்தோஷப்பட்டார். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க சார். நா எப்படிச் சொல்லித் தர்றன்னு அப்படியே புடிச்சுக் காட்டுங்க. பெரிய ஆபீசருங்க பாக்கட்டும். பாத்தா அவங்களுக்கே வெளங்கிடும், இந்தாள நாம ஏன் மெரட்டிக்கிட்டு இருக்கறோமுன்னு" என்றார். எங்கள் அதிகாரி பக்கத்திலேயே நின்று தலையை ஆட்டினார். ஆட்டினாரே, அந்தத் தலையை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

வெப்பத்தால் உலோகம் விரிவதுதான் பாடம். டீச்சர் வகுப்பையே கொல்லன் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனார். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா மாட்டும் நாள் அது. பட்டா சக்கரத்தில் ஏறவில்லை. எருமுட்டையைச் சுற்றி அடுக்கிச் சுட்டார்கள். சிவந்ததும் இடுக்கியால் தூக்கி வைத்தால் சொன்னபடி உட்கார்ந்துகொண்டது. "இப்ப மட்டும் எப்படிடா ஏறுச்சு?" என்றார் டீச்சர். உடனே தெலுங்கில், அப்புறம் கன்னடத்தில். கூலிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, பல் விழுந்த வாயோடு, கையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். "வேடிக்கி இனுமு பெத்ததாயெ!" சூட்டில் இரும்பு பெரிதாகிவிட்டது என்கிறாள். "சபாஷ்டி என் ராசாத்தி! தமிழ்ல சொல்லு, இரும்பு!" என்று டீச்சர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். "இரும்பு" என்றாள். பட்டா மேல் தண்ணீர் ஊற்றினார்கள், ஆவி எழும்பியது, கூட்டமே கூவியது. அவ்வளவையும் பிடித்தேன். என் கைக்கு அதைவிட நல்ல படம் பிறகு வாய்க்கவில்லை.

மெட்ராஸில் அந்தப் படத்துக்குக் குரல் கொடுக்க ஒரு அம்மாள் வந்தார். "மாணவர்களே! உலோகங்கள் வெப்பத்தினால் விரிவடையும் இயல்புடையன!" டீச்சர் வாயசைகிற இடத்திலெல்லாம் இந்தச் செந்தமிழ். அந்தச் சிறுமி சொன்ன பதில் இருந்த இடத்தில் வீணை வாசித்துவிட்டார்கள். "சார், அந்த டீச்சர் மூணு பாஷையில இல்ல நடத்துனாங்க? அதைத்தானே காட்டச் சொன்னாங்க?" என்றேன். "மாகாணம் முழுக்கக் காட்டுற படம்யா. சந்தக்கடை மாதிரி இரைச்சலாவா போட முடியும்? நீ கேமராவைப் பாரு" என்றார் அதிகாரி. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது அவருக்கு இரைச்சல்!

கிருஷ்ணகிரியில் ஆசிரியர்கள் கூட்டத்தில் படத்தைப் போட்டார்கள். புரொஜக்டர் ஓட்டியது நான். முன்வரிசையில் இன்ஸ்பெக்டர், பின்னால் டீச்சர். அந்தக் குரல் கிளம்பியதும் டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். படம் முடிந்தது. கைதட்டல். இன்ஸ்பெக்டர் எழுந்து, அத்தனை பேருக்கு முன்னால் கேட்டார்: "இவ்வளவு அழகாகத் தமிழில் நடத்தத் தெரிகிறது அல்லவா? பிறகு வகுப்பில் மட்டும் ஏன் அந்தக் கலப்படம்? வேண்டுமென்றே செய்கிறீர்களா?"

"பேசறது நா இல்லீங்க ஐயா."

"வாய் உங்களுடையதுதானே? நான் என்ன குருடனா?"

நான் விளக்கைப் போட்டுவிட்டு எழுந்து சொன்னேன், அது மெட்ராஸில் சேர்த்த குரல், இவர் அங்கே பேசியது வேறு என்று. அந்த மனிதருக்குப் பேசும் படம் என்றால் பேசுகிற படம்தான். வாயும் குரலும் வேறு வேறு ஆளுடையதாக இருக்கும் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. "நீர் படம் ஓட்டுகிறவர். உங்கள் அதிகாரி எழுதித் தரட்டும், பார்க்கலாம்" என்றார்.

அன்றே பஸ் பிடித்து மெட்ராஸ் போனேன். அதிகாரியிடம் ஒரே ஒரு வரிதான் எழுதித் தரக் கேட்டேன். "பைத்தியமாய்யா உனக்கு? படத்தை மேலிடத்துல பாராட்டியிருக்காங்க. குரல் வேற ஆளுதுன்னு நானே எழுதிக் குடுத்தா என் பேரு என்னாகும்?" அவருக்குப் பேர் முக்கியம். சண்டை போட்டேன், கத்தினேன், மேஜையைக்கூடத் தட்டினேன். கடைசி வரை எழுதித் தரவில்லை. பாவி!

டீச்சரை ஆத்தூர்ப் பக்கம் மாற்றினார்கள். பஸ் ஏற்றிவிட நான் போயிருந்தேன். அழவில்லை அவர். பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, "என்னைய வெச்சே என்னையக் கவுத்துட்டாங்க பாருங்க சார். நா போனா போவட்டும், எங்க போனாலும் எனக்குக் கரும்பலகை இருக்குது. இந்தப் புள்ளைங்களுக்கு இனி யாரு இருக்கறா?" என்றார்.

அடுத்த வருஷம் அந்தப் படத்தை அதே பள்ளிக்கூடத்தில் போட வேண்டி வந்தது. ஜன்னலுக்கெல்லாம் கோணி கட்டி இருட்டாக்கினோம். புது வாத்தியார் தமிழ் மட்டுமே அறிந்தவர், பிரம்பும் கையுமாக நின்றார். பாதி இடம் காலி. தெலுங்குப் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. எங்கே என்று கேட்டேன். "படிப்பு ஏறல, நின்னுட்டாங்க" என்றார், என்னவோ மழை நின்றதைச் சொல்வது போல.

படம் ஓடும்போது வாசல் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. கோணியை விலக்கிக்கொண்டு அந்தச் சிறுமி நின்றாள். பல் முளைத்திருந்தது, இடுப்பில் தம்பி. திரைத் துணியில் டீச்சரைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, கிட்டே வந்துவிட்டாள். டீச்சரின் வாய் அசைந்தது, மெட்ராஸ் அம்மாளின் குரல் கேள்வி கேட்டது. படத்தில் அவள் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். இவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் சட்டையைப் பிடித்து இழுத்து, தெலுங்கில் மெதுவாகக் கேட்டாள்: "டீச்சர் என்னை என்ன கேக்கறாங்க?"