ஊசியால் குத்திப் பார்த்த விரல்

என் இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் முழுசாக இருக்கின்றன. நடுவில் உள்ள மூன்றும் முதல் கணுவோடு நின்றுவிட்டன. அதே பக்கத்துக் கெண்டைக்காலில், கயிறு போட்டு இறுக்கியதுபோல் ஒரு பள்ளம் சுற்றி ஓடுகிறது. பிறக்கும்போதே இப்படித்தான். கிரகணத்தன்று என் அம்மா அரிவாள்மணையைத் தொட்டாள் என்று ஊரே அவளைக் குத்திக் காட்டியது. அன்றைக்கு அவள் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தாள். அதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பனிக்குடத்துச் சவ்வு கிழிஞ்சு நூல் மாதிரி சுத்தியிருக்கும். கொழந்த வளர வளர அது இறுக்கிடுச்சு. உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். எனக்கு அது போதும்.

அப்பா செத்த பிறகு வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமானால் நான்தான் வேலைக்குப் போக வேண்டும். ஆம்பூரில் தோல் பதப்படுத்தும் ஷாப் ஒன்றில் ஆவாரம்பட்டை இடிக்கப் போனேன். மேஸ்திரி என் விரல்களைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றார்.

"ஏம்மா, பெருவியாதிக்காரிய உள்ள வுட்டா மத்தவங்க வேலைக்கு வருவாங்களா? கெளம்பு."

"பெருவியாதி இல்ல மேஸ்திரி. பொறப்புலயே இப்டித்தான்."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க."

பட்டை இடித்துக்கொண்டிருந்த பெண்கள் தண்ணீர்ப் பானையைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். பெருவியாதி என்கிற தொழுநோய் வந்த விரலில் உணர்வு இருக்காது. எங்கள் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கையை மேஸ்திரியின் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"அந்த மூட்டையில சொருகியிருக்குற கோணி ஊசிய எடு. குத்திப் பாரு. வலிக்கலன்னா நானே போய்ட்றேன்."

அவர் என்னைத் தொடாமல், ஊசி முனையை மட்டும் மொட்டை விரலில் வைத்து அழுத்தினார். நான் கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததால் அவருக்குச் சந்தேகம் போகவில்லை போலிருக்கிறது. ஓங்கி இன்னொரு குத்துக் குத்தினார். அதே கையால் அவர் கன்னத்தில் ஒன்று விட்டேன்.

பட்டை இடித்தவர்களில் ஒருத்தி உலக்கையைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா மேஸ்திரி, விரலு கம்மின்னாலும் சொரணை ஜாஸ்தியா இருக்குதே!"

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரி கன்னத்தைத் தடவிக்கொண்டே என்னை முறைத்தார்.

"நின்னுகினு இன்னா பாக்குற? உலக்கைய எடு."

எடுத்தேன். வலது கையால் பிடித்து, இடது கையின் மொட்டை விரல்களால் தாங்கி இடித்தேன். குத்திய இடத்தில் ரத்தம் கசிந்தது. பொழுது சாய்வதற்குள் அங்கிருந்த பட்டைக் குவியல்களில் என்னுடையதுதான் பெரிசு.