வந்தபோது எடுத்த படம்

சனிக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு என் மகளிடம் பொய் சொன்னேன். அதற்கு முன் இருபத்தெட்டு ஆண்டுகள் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வென்ட்வேர்த்வில் வீட்டின் குசினி மேசையில் ஷெரின் தன் பள்ளி ஒப்படைக்காகப் பழைய படங்களைப் பரப்பியிருந்தாள். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றங்கரையில் வாழும் குவெச்சான் மக்களின் படங்கள். ஒன்றில், நீண்ட கூந்தலோடு ஆற்றோரம் நிற்கும் மனிதர்கள். அடுத்ததில் மிஷன் பள்ளிப் பிள்ளைகள்: ஒட்ட வெட்டிய தலை, ஒரே சீருடை, சிரிக்காத வாய்கள்.

அவற்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்தாள். மன்னாரில் நான் ஆசிரியையாக இருந்த மிஷன் விடுதி உபகாரிகளுக்கு அனுப்பிய பட அட்டை. பழைய மாணவர்களின் முகநூல் பக்கத்தில் கிடைத்ததாம். இடப்பக்கம் ‘வந்தபோது’: கிழிந்த சட்டை, பரட்டைத் தலை, எட்டு வயது ரீத்தா. வலப்பக்கம் ‘இப்போது’: வெள்ளைச் சீருடை, அவள் தோளில் என் கை.

“அம்மா, இந்தப் பிள்ளை உண்மையா இப்பிடியே வந்தது?”

“ஓம்.”

“அப்ப நீங்கள் ஹெல்ப்தான் பண்ணியிருக்கிறீங்கள்.”

அவள் முகத்தில் எவ்வளவு நிம்மதி... அந்த முகநூல் பக்கத்திலேயே பெருமையாக எழுதியும் விட்டாள், இது என் அம்மா என்று.

உங்களிடமாவது உண்மையைச் சொல்கிறேன். ரீத்தா அப்படி வரவில்லை. எண்ணெய் வைத்து இறுக்கிய இரட்டைப் பின்னல், மஞ்சள் ரிப்பன், புதுச் சட்டை. வெளிநாட்டு உபகாரிகளுக்கு அனுப்பும் படத்துக்கு அது உதவாது. நான்தான் பின்னலை அவிழ்த்தேன். தலையில் மண் தூவினேன். பழந்துணிப் பெட்டியிலிருந்து கிழிசல் ஒன்றை எடுத்து மாட்டினேன். யாரும் என்னை மிரட்டவில்லை! இரண்டு படங்களுக்கும் நடுவே அரை மணி நேரம்கூட இல்லை.

அவள் தாய் விடுதி வாசல் படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் பிள்ளைக்கு இடம் கிடைக்காது என்ற பயம்... அந்தப் பயத்தை நம்பித்தானே நான் செய்தேன்?

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தோம். வாசலில் ஒரு பெண் நின்றாள். ரீத்தா. ஷெரின் எழுதியதைப் பார்த்து, அவளிடமே முகவரி கேட்டு, மெல்பேர்ன் டார்னெய்ட்டிலிருந்து வந்திருந்தாள். கதிரையில் இருத்தினேன். ஷெரின் ஆசையோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

“அம்மா போன மாசம் செத்துப்போனா, ரீச்சர்,” என்றாள். “அவ பின்னினா ஒரு மயிர் வெளியில நிக்காது. நீங்கள் அவிழ்க்க முந்தி எடுத்த படம் ஒண்டும் இல்லையோ?”