இரவல் சிவப்புச் சட்டை

ஒடென்சே நகரில் ஒரு ரக்பி மைதானத்து ஓரம் நிற்கிறேன். வெளியூரிலிருந்து வந்த அணிக்கு ஆள் குறைவு. அப்படியானால் உள்ளூர் அணி தன் ஆளையே இரவல் கொடுத்து ஆட்டத்தை நடத்திவிடும்; இங்கே அதுதான் வழக்கம். இன்றைய இரவல், டொங்காத் தீவு நாட்டில் பிறந்து பிரான்ஸில் பல வருடம் சம்பளத்துக்கு ஆடியவர். முழங்கால் போன பிறகு இங்கே முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார்.

வந்த அணியினர் சிவப்புச் சட்டை ஒன்றை எறிகிறார்கள். அவர் அதை உடனே போடவில்லை. விரித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

"என்ன அண்ணை, அவருக்குச் சைஸ் காணாதோ?" என்கிறேன், என் பக்கத்தில் நிற்கும், அவரோடு வேலை செய்யும் சிவம் அண்ணையிடம்.

"இல்லையடாப்பா. அவற்ற நாட்டுச் சட்டையும் சிவப்புத்தான். உலகக் கிண்ணத்தில நாட்டுக்கு ஆடக் கூப்பிட்டவை. போனா கொன்ட்ராக்ட் இல்லையெண்டு கிளப்காரர் சொல்லிப்போட்டாங்கள். தாய், சகோதரம் எல்லாம் இவற்ற உழைப்பிலதான். போகேல்லை."

தூறலில் ஆட்டம் முடிகிறது. அந்தச் சிவப்புச் சட்டையில் ஆடி, சொந்த அணியிடமே தோற்றிருக்கிறார். வந்த அணியின் தலைவர் சட்டைகளைச் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார். எல்லோரும் குளிக்கப் போன பிறகும் சேறு படிந்த சட்டையோடு வாங்குப் பலகையில் இருப்பவரைப் பார்க்கிறார். அந்தச் சட்டையைக் கேட்காமலே பையை இழுத்து மூடுகிறார்.