அக்காவாக நான் கையெழுத்துப் போடவில்லை

வடலூரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள், பென்ஷன் நிற்காமல் வர, தாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று வருஷத்துக்கு ஒரு தடவை காட்டிவிட்டு வர அங்கேதான் போவார்கள். இந்த முறை சம்சாரத்தின் விவரத்தையும் சேர்க்க வேண்டுமென்று என் வீட்டுக்காரர் என்னையும் கூட்டிப்போனார். கடைப்பெண் என் ஆதார் கார்டையும் கம்ப்யூட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“ஆயா, பேரு ஒத்துப் போவலியே. தாத்தாவோட சம்சாரம்னு இதுல வேற ஆளு இருக்குது.”

அவள் படித்துச் சொன்னது என் அக்காவின் பெயர்.

அக்கா செத்தபோது எனக்குப் பதினேழு வயது. எங்களுக்குக் குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். முந்திரிக்கொட்டை பொறுக்குகிற நேரத்தில் அக்காவுக்கு வலி கண்டது. பெண்குழந்தை பிறந்தது, அக்கா பிழைக்கவில்லை. அவள் புருஷனாக இருந்த இவர் அப்போது பட்டாளத்தில், வடக்கே எல்லையில் இருந்தார். தந்தி கிடைத்து வந்து சேர்வதற்குள் கருமாதியே முடிந்துவிட்டது. அடுத்த லீவில் வந்தபோது என்னை அவருக்குக் கட்டிவைத்தார்கள். பச்சைக்குழந்தையை வேறு யார் பார்ப்பார்கள் என்றார்கள். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டவள்தான். எனக்கென்று ஒன்று பிறக்கவும் இல்லை. அக்கா பெற்ற அந்த மகள் வீட்டில்தான் இப்போது இருக்கிறோம். மருமகனுக்குச் சுரங்கத்தில் வேலை, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

“ஏங்க, அக்கா பேரு எப்பிடிங்க இன்னும் இருக்குது?”

“அப்ப குடுத்தது. அப்பிடியே நின்னுபோச்சி.”

“அப்பறம் என்னப் பத்திச் சொல்லவே இல்லீங்களா?”

“என்னான்னு சொல்லச் சொல்ற? பொண்டாட்டி செத்து வருசம் திரும்பல, மச்சினியக் கட்டிக்கினேன்னா? கூட இருந்தவனுங்க சிரிச்சே கொன்னுருப்பானுங்க.”

சரி, வயசுப்பிள்ளை, கூச்சப்பட்டார் என்று நினைத்தேன். ஆனால் அதற்கு மேல் அவராகவே ஒன்று சொன்னார். பட்டாளத்தை விட்டு வரும்போது கூப்பிட்டு உட்காரவைத்து, குடும்ப விவரத்தில் மாற்றம் ஏதாவது உண்டா என்று கேட்டார்களாம். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

எனக்கு அந்த இடத்தில்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றும் இல்லையா? அக்கா மண்ணுக்குள் போனது மாற்றம் இல்லையா? அவர் பெண்ணை நான் மார்பில் போட்டு வளர்த்ததும், அவர் அம்மா படுக்கையில் கிடந்தபோது நான் பீ மூத்திரம் அள்ளியதும் மாற்றம் இல்லையா? பட்டாளத்துக்குப் பிறகு சுரங்கக் கம்பெனியில் காவல் வேலைக்குச் சேர்ந்தபோது மெடிக்கல் கார்டில் மட்டும் என் பெயரைக் கொடுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்ப்பார்களே, அதனால். என்னைக் காட்டாமல் முடியாத இடத்தில் மட்டும் நான் சம்சாரம்.

நான் நாலு பேர் முன்னால் பேசுகிறவள் இல்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தாலும் கேட்காமல் வந்துவிடுவேன். அன்றைக்கும் வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். அரிசி களைந்து போட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவருடைய சிநேகிதர் வந்தார். அவரும் பட்டாளத்தில் இருந்தவர்தான். இந்தப் பக்கத்துப் பழைய பட்டாளத்துக்காரர்களுக்கு மனு, தாள் எல்லாம் எழுதிக்கொடுக்கிறவர். நல்ல மனுஷர்.

“தங்கச்சி, இத நேர்வழியில போனா பெரிய ரோதனம்மா. உங்கக்கா செத்ததுக்கு சர்டிபிகேட் இருக்குதா?”

“வூட்டுல செத்துச்சிங்க. அப்பல்லாம் யாரு எழுதுனாங்க?”

“அதான். ரெக்கார்டுப்படி அவங்க உசிரோட இருக்காங்க. மொத சம்சாரம் உசிரோட இருந்தா நீ சட்டப்படி சம்சாரமே இல்ல. நாளைக்கு இவனுக்கு ஒண்ணு ஆச்சின்னா பென்ஷன் ஆபீஸ்ல நீ யாருன்னு கேப்பான்.”

“அப்ப என்னா பண்றதுண்ணே?”

“சுலுவா ஒரு வழி இருக்குது. அப்பன் பேரு ஒண்ணு, ஊரு ஒண்ணு, மூஞ்சியும் ஏறக்கொறைய ஒண்ணு. ரெண்டு பேரும் ஒரே ஆளுதான், அது வீட்டுப் பேரு இது ஸ்கூல் பேருன்னு ஒரு அபிடவிட் போட்டுட்டா முடிஞ்சிது. ஒரே ஒரு கையெழுத்து.”

என் வீட்டுக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்தது. “பாத்தியா, இதுக்குப் போயி ரெண்டு நாளா மொகத்தத் தூக்கி வெச்சிக்கினு இருந்த.”

மருமகன் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டே, “போட்டுடுங்க அத்த, வேல முடியும்” என்றார். எல்லோரும் எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். இத்தனை பேரை எதிர்த்துப் பேச எனக்கு வாய் ஏது?

கடலூரில் நோட்டரி வக்கீலிடம் போனோம். மகளும் கூட வந்தாள். வக்கீல் தமிழிலேயே அடித்துவைத்திருந்தார். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தேன். இந்தப் பெயரும் அந்தப் பெயரும் என் ஒருத்தியையே குறிக்கும் என்று எழுதியிருந்தது. அவரை நான் கல்யாணம் செய்துகொண்ட தேதியாக அக்காவின் கல்யாணத் தேதியைப் போட்டிருந்தார்கள். அன்றைக்கு நான் பாவாடை கட்டிக்கொண்டு பந்தலில் பாய் விரித்தேன்.

“படிச்சாச்சாம்மா? இங்க போடுங்க.”

“போட மாட்டேங்க.”

அது வக்கீல் காதில் விழவில்லை. இன்னொரு தடவை சொல்லவேண்டி இருந்தது.

“போட மாட்டேன். இது நான் இல்ல, எங்கக்கா. அது செத்துப்போச்சி.”

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “இந்தா, வந்த எடத்துல மானத்த வாங்காத. பேசாம போடு.”

“மாத்தம் ஒண்ணும் இல்லன்னு நீங்க சொல்லிட்டு வந்திங்க. நானும் இல்லன்னு எழுதிக் குடுக்கணுங்களா? அதுக்கும் சாவு இல்ல, எனக்கும் வாழ்வு இல்லன்னு?”

என் குரல் அவ்வளவு உயர்ந்து நானே கேட்டதில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூச்சத்தில் உடம்பெல்லாம் வேர்த்தது. ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை.

மகள்தான் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். “ஏம்ப்பா, இத்தினி வருசமா எங்கம்மாவ கான்ட்ராக்ட்லயேவா வெச்சிருந்திங்க? சுரங்கத்துல கூட பாதிப்பேர பர்மனென்ட் ஆக்கிட்டாங்கப்பா.”

வக்கீல் சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை.

“நீயுமாடி?”

“பின்ன? என்னப் பெத்தவ செத்ததயும் இல்லன்னு சொல்ற தாளு இது. நாங்க போறோம், நீங்க வாங்க.”

அதற்குப் பிறகு நேர்வழிதான். அது பெரிய ரோதனை என்று சிநேகிதர் சொன்னது பொய் இல்லை. அக்காவின் சாவை இத்தனை காலம் கழித்துப் பதிவுசெய்ய ஆர்.டி.ஓ. ஆர்டர் போட வேண்டும் என்றார்கள். ஊருக்குப் போய், அக்காவைக் குளிப்பாட்டியவர்களில் உயிரோடு இருந்த ஒரு கிழவியைச் சாட்சிக்குக் கூட்டிவந்தோம். அவளுக்குக் காது கேட்காது. அதிகாரி கேட்ட எல்லாவற்றுக்கும், “மவராசி, தலப்பிரசவம்” என்று மட்டும் சொல்லி அழுதாள். உங்கள் முதல் மனைவி இறந்துவிட்டாரா என்று அதிகாரி கேட்டபோது இவர் தலையை ஆட்டினார். வாயால் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இதை முன்பே ஒரு தாளில் எழுதிப் போட்டிருந்தால் இந்த வயதில் அங்கே நிற்க வேண்டுமா?

சர்டிபிகேட் வந்தது. பட்டாளத்து ரெக்கார்டு ஆபீசுக்கு மனு எழுத சிநேகிதர் மறுபடியும் வந்தார். எழுதி முடித்து, இவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் வாங்கிப் படித்தேன். இத்தனை வருஷத் தாமதத்துக்குக் காரணம், ‘அறியாமை’ என்று இருந்தது.

“யாருக்குண்ணே அறியாம?”

“எல்லாரும் அப்பிடித்தான் எழுதறது தங்கச்சி. கேள்வி வராது.”

“இவருக்குத் தெரியாமயா போச்சி? கூப்ட்டு வெச்சிக் கேட்டாங்க. இல்லன்னாரு.”

“அத எழுத முடியுமாம்மா? மனுன்னா அதுக்கு ஒரு மொற இருக்குது.”

“அப்ப எனக்கு வேணாம். அதுலயும் பொய்யின்னா அந்த வக்கீலு தாளுலயே போட்டுருப்பேனே.”

சிநேகிதர் இவரைப் பார்த்தார். இவர் என் கையிலிருந்த தாளை வாங்கிச் சிநேகிதர் பக்கம் நகர்த்தினார்.

“எழுதுப்பா” என்றார். “மச்சினியக் கட்டிக்கினத வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கினு தெரிவிக்காம வுட்டுட்டேன்னு எழுது.”

“டேய், ஆபீஸ்ல சிரிப்பானுங்கடா.”

“சிரிக்கட்டும். அதுக்கு பயந்துதான இவ்ளோ தூரம் வந்துது.”

அப்படியே எழுதிப் போட்டார்கள். யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. சில மாதம் கழித்துத் திருத்தம் ஆகி வந்தது. மகள் படித்துச் சொன்னாள். அக்கா பெயர், அவள் இறந்த தேதி. அதற்குக் கீழே என் பெயர், எனக்குக் கல்யாணம் ஆன தேதி. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. என் பெயர் எது என்று கேட்டு, விரலை அதன் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

“இப்ப திருப்திதான?” என்று கேட்டார்.

“பேரு வந்துடுச்சிங்க” என்றேன்.

திருப்தி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்கு மனசு ஆறியிருக்கும். சொல்லவில்லை. அவர் எத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தார்? நான் கொஞ்ச நாள் இருக்கிறேன்.